ஜப்பானுக்கு ஒரு கறுப்புக் கோட்டு

காலை ஒன்பது இருபதுக்கு முதல் சத்தம் கேட்டது. யாரோ எங்கள் வரவேற்பறைக்குள்ளேயே நின்று வெண்கலத் தட்டை ஓங்கி அடித்ததுபோல் இருந்தது. அடுத்து ஒரு குழல் எடுத்தது. நம் நாதஸ்வரத்துக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம், ஆனால் இன்னும் கொஞ்சம் மூக்கால் பாடும். பிறகு ஒலிபெருக்கியில் ஓதும் குரல். நாங்கள் இருப்பது சுவா சூ காங்கில் வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீடுகளில் ஒரு புளோக்கின் மூன்றாம் மாடி. சத்தம் கீழ்த்தளத்திலிருந்து கிளம்பி, எதிர் புளோக்கில் மோதி, திரும்பவும் எங்கள் சன்னலுக்குத்தான் வந்தது.

பத்து மணிக்கு என் மகளுக்கு நேர்முகத் தேர்வு. ஜப்பானில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் சக்கர நாற்காலி செய்யும் சின்ன நிறுவனம். கணினித் திரை வழியாக அவளோடு பேசி, ஆறு மாத வேலைப்பயிற்சிக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். அங்கிருந்து மட்டும்தான் அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. இது தவறினால் பல்கலைக்கழகம் இங்கேயே ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஒரு மேசையைக் காட்டி உட்காரச் சொல்லும். அவள் உட்கார்ந்துவிடுவாள், சண்டை போடமாட்டாள். அதுதான் எனக்குக் கவலை.

"அப்பா, என்னப்பா அது?" என்று அறைக்குள்ளிருந்து கேட்டாள்.

எனக்குத் தெரியும். கீழே சில நாளாகத் துக்கப் பந்தல். சீனர் வீட்டுச் சாவு. தினமும் மாலையில்தான் ஓதுவார்கள். காலையில் இரண்டு பேர் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். அதனால்தான் காலை நேரத்தைப் பற்றி நான் பயப்படவே இல்லை.

நான் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. எது எங்கே தவறும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு விடுப்பு எடுத்து, வீட்டையே ஒரு வேலைத்தளமாக நினைத்துச் சுற்றி வந்திருந்தேன். இணையம் அறுந்தால் என் கைப்பேசி தயார். மேல் வீட்டில் அறை உடைக்கும் வேலை நடக்கிறதா என்று முதல் நாளே படியேறிப் போய்க் கேட்டுவிட்டேன். அழைப்பு மணிக்குள் பஞ்சு வைத்தேன். குக்கர் வைக்கக் கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். "உங்க வாயிலயும் கொஞ்சம் பஞ்சு வைக்கலாம்" என்றாள் அவள்.

இறந்தவரின் இறுதி ஊர்வலம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கக் கீழே போயிருக்க வேண்டும். போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஜப்பானுக்குப் போய் வேலை கற்கப்போகிறேன் என்று மகள் முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். "உனக்கு இங்க எம்ஆர்டி பிடிக்கவே நேரம் ஆவுது. அங்க ரயில் கொஞ்சம் லேட்டானாலே மன்னிப்பு கேக்கறவங்க."

"அதுக்குத்தான்ப்பா போறேன். யாராவது என்கிட்ட ஒரு தடவ மன்னிப்பு கேக்கட்டும்."

அவள் படிப்பது பொருள் வடிவமைப்பு. பயிற்சிக்கு இடம் தேடி ஜப்பானிய நிறுவனங்களுக்கு எழுத ஆரம்பித்தாள். அப்போதுதான் வெளிநாட்டுக்காரர் என்பதற்கு எத்தனை அர்த்தம் என்று எங்களுக்குப் புரிந்தது. சுற்றுலாவுக்கு என்றால் எங்கள் சிவப்புப் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு உள்ளே போகலாம். வேலைப்பயிற்சி என்றால் கதையே வேறு. அங்குள்ள நிறுவனம் முதலில் தன் நாட்டில் விண்ணப்பித்து ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்பவேண்டும், பிறகுதான் இங்கே விசா. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகச் சின்ன நிறுவனம் எது இத்தனை அலைச்சல் படும்? பெரிய நிறுவனங்களின் இணையப் பக்கங்களோ ஜப்பானில் உள்ள முகவரியும் ஜப்பானியத் தொலைபேசி எண்ணும் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே விடவில்லை. வந்த மறுப்புக் கடிதங்கள் எல்லாம் மிகவும் மரியாதையானவை. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: தங்கள் எதிர்காலம் சிறக்க மனதார வேண்டுகிறோம்.

"இன்னொருத்தரும் எனக்காக வேண்டிக்கிட்டாங்கப்பா" என்பாள், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு. ஜப்பானில் பாதிப் பேர் தனக்காகப் பிரார்த்தனை செய்வதாகவும், அதற்கே தனக்கு ஏதாவது நல்லது நடக்கவேண்டும் என்றும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்த பிறகு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவாள்.

அவளுக்குக் கதவைத் திறந்தவர் எங்கள் புளோக்கின் இரண்டாம் மாடி ஆன்ட்டி. சக்கர நாற்காலியில் இருந்தவர். அவருடைய மகன் என் வயதுக்காரர், பேருந்து ஓட்டுநர். மின்தூக்கியில் பார்த்தால் என்னைப் "பிரதர்" என்பார். ஒரு நாள் அந்த நாற்காலி கழிவறை வாசலில் சிக்கிக்கொண்டு திரும்பமாட்டேன் என்றிருக்கிறது. இதை அவர் மின்தூக்கியில் சொல்ல, என் மகள் அன்று மாலையே அளவு நாடாவுடன் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்காலியை அளந்தாள், வாசலை அளந்தாள், ஆன்ட்டியின் முழங்கையையும் அளந்தாள். ஆன்ட்டிக்கு ஹொக்கியன் என்ற சீன மொழியும் பாசார் மலாய் என்ற சந்தைப் பேச்சு மலாயும்தான் தெரியும். என் மகளுக்கு இரண்டும் தெரியாது. அதற்குப் பிறகும் அடிக்கடி போய்வந்தாள். திரும்பி வரும்போது கையில் ஆரஞ்சுப் பழம் இருக்கும்.

குறுகலான வீடுகளுக்கென்றே நாற்காலி செய்யும் அந்த ஜப்பானிய நிறுவனம் அவள் கண்ணில் பட்டது அப்போதுதான். இடம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. தான் வரைந்த படத்தை அனுப்பி, உங்கள் நாற்காலி இந்த வாசலில் எப்படித் திரும்பும் என்று மட்டும் கேட்டாள். சீக்கிரமே பதில் வந்தது, அதில் ஒரு படம். அவள் இன்னொரு படம் அனுப்பினாள். அப்படியே போய், ஒரு நாள், பேசிப் பார்க்கலாமா என்று அவர்களே கேட்டார்கள்.

பிறகு வீடே தயாரானது. குளியலறையிலிருந்தும் ஜப்பானிய மொழியில் சுய அறிமுகம் கேட்கும். குளிர்பதனப் பெட்டியின் முன்னால் நின்று குனிந்து வணங்கிப் பழகினாள். முதுகு வளையக் கூடாதாம், இடுப்பிலிருந்து மடியவேண்டுமாம். என் பங்குக்கு நான் ஒரு காரியம் செய்தேன். ஜப்பானில் எங்கே நிலம் நடுங்கினாலும் மணியடித்துச் சொல்லும் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டேன். அது அடிக்கடி அடித்தது. ஒவ்வொரு முறையும் அந்தச் சிற்றூர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுவேன்.

"இன்னும் டிக்கெட்டே போடலப்பா, அதுக்குள்ள நீங்க தினமும் ஆடிக்கிட்டிருக்கீங்க" என்றாள் மகள்.

கறுப்புக் கோட்டு வேண்டும் என்றதும் நம்மவர் கடைகள் நிறைந்த தேக்கா மார்க்கெட்டுக்குப் போனோம். மார்க்கெட்டின் மேல்மாடியில் என் மனைவிக்கு ரவிக்கை தைப்பவர் ஒருவர் இருக்கிறார். கடையில் வாங்கிய கோட்டை மகளின் தோளுக்குச் சரிசெய்யக் கொடுத்தோம். சுற்றிலும் மஞ்சளும் கிளிப்பச்சையும் தொங்கும் அந்தக் கடையில் அவர் கோட்டைத் தூக்கிப் பிடித்து, "என்னக்கா இது, நல்ல காரியத்துக்கா?" என்று கேட்டார்.

"ஜப்பான்காரங்களுக்கு" என்றாள் மனைவி.

"ஓரத்துலயாவது ஒரு ஜரிக வச்சுடவா?"

மகள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாள். ஆனால் மனைவிக்கு அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பேருந்தில் வரும்போது, "கறுப்புத்தான் போடணுமா? கருநீலம் போட்டா எடுக்கமாட்டாங்களாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

நேர்முகத் தேர்வு நெருங்கியபோது இரண்டாம் மாடி ஆன்ட்டி இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டி, படம் வைத்து, மேசைகள் போட்டார்கள். மகள் உடனே கிளம்பினாள்.

மனைவி தடுத்தாள். "இன்டர்வியூ முடியட்டும்டி. நல்ல காரியத்த வச்சுக்கிட்டு சாவு வீட்டுக்குப் போகவேணாம்."

"அம்மா, அவங்களாலதான் இந்த இன்டர்வியூவே."

"நான் போவேணாம்னா சொன்னேன்? முடிச்சுட்டுப் போன்னுதான் சொல்றேன். அவங்க தப்பா நினைக்கமாட்டாங்க."

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா சொல்றது சரிதான்மா" என்றேன். அப்போது உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு பந்தல் வழியாகப் போகாமல், கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி, குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நடந்து மின்தூக்கிக்குப் போனோம். ஒரு தடவை அவருடைய மகன் தூரத்திலிருந்து கை தூக்கினார். நானும் தூக்கிவிட்டு வேகமாக நடந்தேன். அன்றைக்கு நின்று பேசியிருந்தால், இன்ன நாள் காலை பதினொரு மணிக்கு எடுக்கிறோம் என்று அவரே சொல்லியிருப்பார். நாங்கள் உட்லண்ட்ஸில் இருக்கும் மைத்துனி வீட்டில் கணினியை வைத்து எல்லாவற்றையும் முடித்திருப்போம்.

ஆக, ஒன்பது இருபது.

மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைமுடியை இறுக்கிக் கட்டி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வெண்கலத் தட்டு ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவள் கண் சிமிட்டியது.

"நான் போய்க் கேட்டுட்டு வரேன். ஒரு மணி நேரம்தானே" என்றேன்.

"என்னன்னு கேப்பீங்க?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் மெதுவா அடிங்கன்னு."

படியிறங்கும்போதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் தயார்செய்துகொண்டேன். ஆனால் பந்தலுக்குள் கால் வைத்ததும் ஆன்ட்டியின் மகன் எழுந்து வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, சட்டைக் கையில் குத்திய துக்கத் துணி. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பிரதர், வந்துட்டீங்க. அம்மா போற நேரத்துக்குச் சரியா வந்துட்டீங்க. உட்காருங்க லா, உட்காருங்க." பேசியது ஆங்கிலம்தான். நான்கைந்து இரவு தூங்காத முகம்.

அந்த முகத்திடம் எதைக் கேட்பது? உட்கார்ந்தேன்.

வேர்க்கடலைத் தட்டு வந்தது. பெட்டியில் அடைத்த செவ்வந்தித் தேநீர் வந்தது. கெட்டது அண்டாமலிருக்க விரலில் சுற்றிக்கொள்ள ஒரு சிவப்பு நூலும் வந்தது. எதிரே படத்தில் ஆன்ட்டி, வீட்டில் நான் பார்க்காத ஒரு முத்துமாலையுடன். தூணில் சாய்த்து மடக்கி வைத்திருந்தது அவருடைய சக்கர நாற்காலி. பின் சக்கரத்தில் என் மகள் பென்சிலால் போட்ட அடையாளம்கூட அழியவில்லை.

கைப்பேசியில் மனைவியின் செய்தி: "கேட்டீங்களா?"

"இல்ல. உட்கார்ந்துட்டேன்" என்று எழுதினேன்.

"அங்கயா??"

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "குளிக்காம வீட்டுக்குள்ள வராதீங்க. இப்ப குளிக்கவும் வராதீங்க, ரூம் பக்கத்துல தண்ணி சத்தம் கேக்கும். வாசல் கேட்டப் பூட்டிட்டேன். அவ ஆரம்பிச்சுட்டா. போன ஆஃப் பண்றேன்."

கேட்டையும் பூட்டி, போனையும் அணைத்துவிட்டாள். மூன்று மாடி தூரத்தில் என் மகள் யாரிடமோ தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கீழே வேர்க்கடலையோடு இருக்கிறேன். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தார் நடக்க ஆரம்பித்தார்கள். குழலும் தட்டும் உச்சத்துக்குப் போயின. ஒவ்வோர் அடியும் மேலே திரைக்குள் போய் ஜப்பானில் விழுவது எனக்குத் தெரிந்தது. அவள் பாடம் செய்த அறிமுகம் எந்த வரியில் இடறும் என்று நினைத்து நினைத்து எனக்கு வியர்த்தது.

அப்போதுதான் என் சட்டைப்பையில் மணி அடித்தது.

செயலியின் மணி. ஓதுபவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் சரியாக அடித்தது. எல்லாரும் திரும்பினார்கள். எடுத்து அமுக்கினேன், நிற்கவில்லை. பட்டியலில் முதல் ஊரே அந்தச் சிற்றூர்தான். இத்தனை மாதத்தில் ஒரு முறைகூட வராத பெயர். ஏழு வரை போகும் கணக்கில் மூன்று என்று போட்டிருந்தது. அது பெரிய ஆட்டம் இல்லை என்று புத்திக்குத் தெரிந்தது. இருந்தாலும் மனைவியை அழைத்தேன். அணைத்திருந்தது. மகளை அழைப்பதற்கில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர், "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்றார்.

"ஜப்பான்ல நிலநடுக்கம்."

"உங்க ஆளுங்க அங்க இருக்காங்களா?"

"இல்ல. மகள் மூணாவது மாடியில இருக்கா."

அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். தேநீர்ப் பெட்டியில் குழாயைக் குத்தி என் கையில் கொடுத்தார். "குடிங்க. இது ஆடாது."

குடித்தேன். எனக்கு அன்று ஒரே சமயத்தில் இரண்டு ஆசை இருந்தது. இந்த ஆட்டத்தில் இணைப்பு அறுந்து எல்லாம் கெட்டுப்போகக் கூடாது என்று ஓர் ஆசை. கெட்டுப்போனாலும் பரவாயில்லை, இவள் இங்கேயே என் கண் முன்னால் ஏதாவது ஒரு மேசையில் இருந்துவிடுவாளே என்று இன்னொன்று. எது பெரியது என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

சவப்பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். குடும்பத்தார் வண்டியின் பின்புறத்தில் கை வைத்து மெல்லத் தள்ளுவதுபோல் நடந்தார்கள். நாங்கள் அக்கம்பக்கத்தார் பின்னால் நின்றோம். வண்டி கார் நிறுத்துமிடத்து வளைவில் வந்து நின்றபோது படிக்கட்டில் குதிகால் செருப்புச் சத்தம் கேட்டது.

என் மகள் வந்தாள். கறுப்புக் கோட்டு, கறுப்புப் பாவாடை, இறுக்கிக் கட்டிய முடி. நேராக என்னைத் தாண்டிப் போய், வண்டியின் முன்னால் வைத்திருந்த படத்துக்கு எதிரே நின்றாள். குளிர்பதனப் பெட்டியின் முன்னால் அத்தனை நாள் பழகிய வணக்கத்தை, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து மடிந்து, ஆன்ட்டிக்குச் செய்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. ஆன்ட்டியின் மகன் அவளுடைய உடையைப் பார்த்தார். தன் அம்மாவுக்காகவே இப்படி உடுத்தி வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அவரும் குனிந்தார். நான் அதைத் திருத்தவில்லை. திருத்த என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

வண்டி போனது. மேலே பார்த்தேன். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் என் மனைவி நின்று, எங்கள் இருவரையும் காட்டி, தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் சைகை செய்தாள். முகத்தில் கோபம் இல்லை.

மகள் என் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வேர்க்கடலைத் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"சத்தம் கேட்டுச்சா அவங்களுக்கு?"

"கேக்காம? முதல் கேள்வியே அதான், இன்னிக்கு திருவிழாவான்னு. நான் அறிமுகத்த எல்லாம் மறந்துட்டேன்ப்பா. நான் அளந்து அனுப்பினேனே, அந்த நாற்காலிக்காரங்க இறந்துட்டாங்க, இப்ப எடுத்துட்டுப் போறாங்க, மன்னிச்சுக்குங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். மூணு பேரும் பேனாவ கீழ வச்சுட்டாங்க. அப்புறம் முழுக்க அவங்களப் பத்தித்தான் கேட்டாங்க. எந்தப் பக்கம் சாஞ்சு உட்காருவாங்க, எந்தக் கைக்கு பலம் ஜாஸ்தின்னு."

"அப்புறம்?" என்றேன். கைப்பேசி இன்னும் என் கையில்தான் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். ஒரு கடலையை உடைத்துப் பருப்பை என் கையில் வைத்தாள்.

"அப்புறம் அவங்களுக்கு மேல விளக்கு ஆடுச்சு. எல்லாரும் மேல பாத்தாங்க, ஒருத்தர் அலமாரியப் பிடிச்சுக்கிட்டாரு. நின்னதும் உட்கார்ந்து, எங்க விட்டோம்னு கேட்டாங்க. வலது கைல விட்டோம்னேன். அவ்வளவுதான், தொடர்ந்து பேசினோம். கடைசில, சான்றிதழுக்கு இந்த வாரமே எழுதிப் போடறோம், செப்டம்பர்ல வான்னுட்டாங்க." ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். "விளக்கு ஆடினப்ப நான் சிரிச்சுக்கிட்டுத்தான்ப்பா இருந்தேன். ஆனா மேசைக்கு அடியில என் கால் நடுங்குச்சு. உங்க நிலநடுக்க ஆப்ப எனக்கும் போட்டுக் குடுங்க."